எலி செய்திக்கு வந்த கதை

ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது என்று சொன்னதும் துறைத்தலைவர் கேட்ட முதல் கேள்வி, "ஊடகப் பிரிவுக்குத் தகவல் கொடுத்துட்டீங்களா?" என்பதுதான். வாழ்த்தெல்லாம் அதற்குப் பிறகு. எந்த நாளிதழில் எந்தப் பேராசிரியர் பெயர் வந்தது, எந்தத் தொலைக்காட்சியில் யார் முகம் தெரிந்தது என்று பல்கலைக்கழகங்கள் இப்போது கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு செய்தியாக மாறுவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதை மாணவர்களுக்கோ இளம் ஆசிரியர்களுக்கோ யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கடந்து வந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆய்வைப் பற்றி. வயதான எலிகளுக்கு ஒரு வகை நார்ச்சத்தைக் கொடுத்து, குடல் நுண்ணுயிர்களிலும் நினைவாற்றலிலும் என்ன மாற்றம் வருகிறது என்று பார்த்தோம். நினைவாற்றலை அளக்க, ரிச்சர்ட் மோரிஸ் 1980களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய நீர்ச் சோதனையைப் பயன்படுத்தினோம். வட்டமான தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடை. எலி நீந்தியே அந்த மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றியுள்ள அடையாளங்களை நினைவில் வைத்திருந்தால் அடுத்தடுத்த முறை சீக்கிரம் போய்ச் சேரும். நார்ச்சத்து தின்ற கிழட்டு எலிகள் மற்றவற்றைவிட ஓரளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. எங்கள் கட்டுரை சொன்னது அவ்வளவுதான்.

ஊடகப் பிரிவு ஒரு படிவம் அனுப்பியது. என்ன கண்டுபிடித்தீர்கள், ஏன் முக்கியம், சாதாரண வாசகருக்கு இதனால் என்ன பயன் என்ற மூன்று கேள்விகள். முதல் இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதில் "இப்போதைக்கு எதுவுமில்லை" என்று போட்டால் படிவம் குப்பைக்குப் போய்விடும் என்று பக்கத்து அறை நண்பர் எச்சரித்தார். "மனிதர்களில் சோதிக்க வேண்டிய கேள்வி ஒன்று கிடைத்திருக்கிறது" என்று எழுதினேன்.

சில நாளில் செய்திக்குறிப்பின் வரைவு வந்தது. 'முதுமை மறதிக்கு முற்றுப்புள்ளி? தட்டிலேயே இருக்கிறது தீர்வு' என்று தலைப்பு. எலி என்ற சொல்லே நான்காவது பத்தியில்தான் தலைகாட்டியது. கட்டுரையை முதன்மையாக எழுதிய என் மாணவியின் பெயர் எங்குமே இல்லை. "பேராசிரியரும் அவரது குழுவினரும்" என்பதற்குள் அவள் கரைந்துபோயிருந்தாள்.

சண்டை போட வேண்டிய இடம் இதுதான். நிருபரோடு அல்ல, தொலைக்காட்சியோடு அல்ல, இந்த வரைவோடு. என் கையில் ஓர் ஆதாரமும் இருந்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2014இல் வெளியானது. விலங்கு ஆய்வுகளைப் பற்றிய செய்திக்குறிப்புகளில், அங்கே கண்டதை மனிதர்களுக்கு நீட்டிச் சொல்லும் மிகை 36 சதவீதத்திலேயே இருந்தது. அப்படி மிகைப்படுத்தியிருந்தால் அதைத் தொட்டு எழுதிய செய்திகளில் 86 சதவீதம் மிகையோடு வந்தன. மிகைப்படுத்தாதபோது 10 சதவீதம்தான். எதற்கெடுத்தாலும் "பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான்" என்று புலம்புகிறோமே, திரிப்பின் பெரும்பகுதி நம் வீட்டுக் கொல்லையிலேயே தொடங்குகிறது.

ஊடகப் பிரிவு அதிகாரி முன்பு பத்திரிகையில் வேலை பார்த்தவர். பொறுமையாகக் கேட்டார். "தலைப்புல எலின்னு போட்டா எந்த நிருபர் திறந்து பாக்கப் போறார்?" என்றார். நியாயமான கவலைதான். அதே ஆய்வின் இன்னொரு முடிவைக் காட்டினேன்: மிகைப்படுத்திய செய்திக்குறிப்புகளுக்குக் கூடுதலாகச் செய்தி கிடைத்தது என்பதற்குப் பெரிதாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அவர் இறங்கிவந்தார். 'முற்றுப்புள்ளி' போயிற்று. 'வயதான எலிகளில்' என்பது தலைப்புக்கே ஏறியது. மாணவியின் பெயர் முதல் பத்திக்கு வந்தது. எந்த நிறுவனமும் பணம் தரவில்லை, ஆண் எலிகளை மட்டுமே சோதித்தோம், மனிதர்களில் இன்னும் பார்க்கவில்லை என்ற மூன்றையும் கடைசியில் புதைக்காமல் நடுவிலேயே வைத்தோம். என் பெயரில் அவர் எழுதியிருந்த மேற்கோளில் "புரட்சிகரமான" என்று இருந்தது. வாழ்நாளில் நான் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. மேற்கோளை நானே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது எம்பார்கோ. குறித்த நேரம்வரை யாரும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நிருபர்களுக்கு முன்கூட்டியே கட்டுரையை அனுப்பி வைப்பார்கள். நேச்சர் இதழுக்கு அது புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி. சயின்ஸ் இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. எங்களுடையது அந்த அளவு பெரிய இதழ் இல்லை, நடைமுறை மட்டும் அதேதான். நிருபர்களுக்கு அறிவியல் செய்திக்குறிப்புகளைக் கொண்டுசேர்க்க 1996 முதல் இயங்கிவரும் யுரேகாஅலர்ட் தளத்தில் செய்திக்குறிப்பை ஏற்றும்போது 'ஆய்வுக்கு உட்பட்டது எது' என்று ஒரு கட்டம் வரும். அதில் விலங்குகள் என்று குறித்தார்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது எரிச்சல்தான். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் பான்ஸ், ஃப்ளைஷ்மன் என்ற வேதியியலாளர்கள் இருவரையும் உட்கார வைத்து, கட்டுரை வெளியாகும் முன்பே செய்தியாளர் கூட்டத்தில் குளிர் அணு இணைவை, அதாவது அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற்றதாக, அறிவித்தது. மற்ற ஆய்வுக்கூடங்கள் விவரம் சரியாகத் தெரியாமல் தொலைக்காட்சியையும் நாளிதழையும் பார்த்துச் சோதனையைத் திரும்பச் செய்ய முயன்றன. சில மாதங்களில் எல்லாம் பொசுங்கிப்போனது. அறிவித்தது ஒரு நாள், அந்தக் கெட்டபெயர் இன்றைக்கும் கூடவே வருகிறது.

நிருபர்கள் பல ரகம். அறிவியல் பகுதிக்கு எழுதும் ஒருவர் இணைப்புக் கோப்புவரை படித்துவிட்டு வந்திருந்தார். "குழுவுக்கு எத்தனை எலி? பரிசோதித்தவருக்கு எது எந்தக் குழுன்னு தெரியுமா? நீந்துற வேகத்துலயே வித்தியாசம் இருந்துச்சா?" என்று அடுக்கினார். கடைசிக் கேள்வி அருமையானது. வேகமாக நீந்தினாலும் மேடைக்குச் சீக்கிரம் போய்விடலாம், அதற்கு நினைவாற்றல் தேவையில்லை. வேகத்தையும் தனியாக அளந்திருந்தோம், வித்தியாசமில்லை என்றேன். எங்கள் துறைக் கருத்தரங்கிலேயே இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எங்களோடு தொடர்பில்லாத வேறொரு நிபுணரிடமும் அவர் கருத்து கேட்டார். அந்த நிபுணர் சற்றுக் காரமாகவே பேசியிருந்தார். செய்தியின் தரம் அதனால்தான் கூடியது.

இன்னொருவர் எடுத்த எடுப்பில் "தினமும் எவ்வளவு சாப்பிடணும்?" என்றார். இந்த ஆய்வை வைத்து யாரும் சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை என்றேன். அதையே நான்கு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். நானும் ஒரே பதிலை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அச்சில் வந்தது அந்த ஒரே வாக்கியம்தான். பேட்டிக்கு முன்னால் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி முடிந்த பிறகு "இதைப் போட்டுடாதீங்க" என்பது செல்லாது. சொல்வதற்கு முன்பே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். செய்தியை முன்கூட்டியே காட்டச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள். உங்கள் மேற்கோளையும் எண்களையும் மட்டும் சரிபார்த்துத் தரட்டுமா என்று கேட்டால் பலர் சம்மதிக்கிறார்கள்.

தொலைக்காட்சி தனிக்கதை. விலங்குக்கூடத்தில் கேமராவுக்கு அனுமதியில்லை. "அப்போ ஏதாவது ஊத்துங்க சார்" என்றார் ஒளிப்பதிவாளர். எங்கள் திரவமெல்லாம் நிறமற்றவை. அவர் முகம் வாடியது. கடைசியில் ஒரு நீலச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, பிப்பெட்டால் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நாடு முழுக்க அதைத்தான் என் ஆராய்ச்சியாகப் பார்த்தது.

வெளியான அன்று பெரும்பாலான செய்திகள் ஒழுங்காகவே வந்தன. இரண்டு இடங்களில் உள்ளே சரியாக இருந்தும் தலைப்பு எகிறியிருந்தது. தலைப்பை நிருபர் வைப்பதில்லை, பத்திரிகை அலுவலக மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர்தான் வைக்கிறார். ஆகவே நிருபர்மேல் பாயாமல், எந்தச் சொல் தவறு, கட்டுரையின் எந்தப் பக்கம் அதை மறுக்கிறது, மாற்றாக என்ன போடலாம் என்று நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். ஒன்று அன்று மாலைக்குள் மாறியது. மற்றதிலிருந்து பதிலே இல்லை. அதற்குள் வேறு தளங்கள் அதை நகலெடுத்துவிட்டன.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி, மின்னஞ்சல்கள். மறதி நோய் உள்ள அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா, எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் படித்த பிறகு தலைப்புக்காகப் போட்ட சண்டை கொஞ்சம்கூட மிகையாகத் தெரியவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு பதில் தயாரித்தோம்: இது எலிகளில் கண்டது, மருந்தல்ல, இப்போதைய சிகிச்சையை நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு வரி தனியாகச் சேர்த்து அனுப்பினேன். இந்தப் பதிலைச் செய்தி வெளியாகும் முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது.

செய்தியில் ஒருமுறை முகம் தெரிந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள். தூக்கம், தேர்வு பயம், கைபேசி மோகம் என்று மூளை சம்பந்தப்பட்ட எதற்கும். எனக்குத் தெரிந்தது வயதான எலியும் அதன் குடலும். மறுத்துவிட்டு, அந்தந்தத் துறையில் வேலை செய்யும் சக ஆசிரியர்களின் பெயரைக் கொடுத்தேன். யார் பெயர் எத்தனை முறை செய்தியில் வந்தது என்ற அந்த மாதத்துக் கணக்கில் என் பெயருக்கு நேரே எண் குறைந்ததைத் துறைத்தலைவர் சுட்டிக்காட்டினார்.

மாணவியின் அடுத்த கட்டுரை இப்போது மதிப்பாய்வில் இருக்கிறது. இம்முறை செய்திக்குறிப்பின் முதல் வரைவை அவளே எழுதுவாள் என்று ஊடகப் பிரிவிடம் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். தலைப்பு மட்டும் அவர்தான் வைப்பாராம்.