தொட முடியாத தில்லை

சின்ன வயதில் சாமிக்குக் கட்டி வைத்திருந்த மல்லிகையை ஒருநாள் மோந்து பார்த்துவிட்டேன். அத்தை கையிலிருந்து சரத்தைப் பிடுங்கியதோடு விடவில்லை, உட்கார வைத்து ஒரு கதையும் சொன்னார். திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து மோந்த பல்லவ ராணியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்த கதை. சத்தம் கேட்டு வந்த ராஜா கழற்சிங்கர், பூவை முதலில் எடுத்தது கைதானே என்று அந்தக் கையையும் வெட்டினாராம். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற கதையா இது? ரொம்ப நாள் பூக்கூடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

அந்த அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சிதம்பரம் நடராஜரைப் பார்க்க வேண்டும் என்றார், நான்தான் கூட்டிப் போனேன். எனக்கு உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. சிதம்பரத்தைத் தில்லை தில்லை என்று பாடிக் கேட்டிருக்கிறோமே, அந்தத் தில்லை மரத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வழியில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினோம். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறிய ஊர் என்பார்கள். ஊர்ப் பெயரில் பாதி மரத்துக்கு, பாதி புலிக்கு. பாதிரிக்கு வடமொழியில் பாடலம் என்று பெயர், அதனால் சாமி பாடலீஸ்வரர். அம்பாள் தவம் இருந்ததும் பாதிரி மரத்தடியில்தான். எனக்கு மட்டும் அந்த மரத்தின் மேல் எப்போதும் ஒரு பரிதாபம். பலா, மா, பாதிரி மூன்றையும் வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் பழைய வெண்பா ஒன்று உண்டு. சொல்லாமலே செய்கிறவர் பூ தெரியாமலே காய்க்கிற பலா, சொல்லிச் செய்கிறவர் பூத்துக் காய்க்கிற மா, சொல்லியும் செய்யாதவர் பூத்தும் காய்க்காத பாதிரி. ஆனால் பாதிரி காய்க்கும். நீள நீளமாகக் காய் தொங்கும். தின்ன முடியாத காயைப் புலவர் கணக்கில் சேர்க்கவில்லை போல, பாவம், ஒரு வெண்பாவால் தலைமுறை தலைமுறையாகக் கெட்ட பெயர். அத்தையிடம் சொன்னேன். "பாட்டு எழுதினவர் மரம் ஏறிப் பார்த்தாரா என்ன" என்றார்.

மறுநாள் காலை சிதம்பரம். கூட்டம் அதிகமில்லை. நடராஜர் சன்னதியில் அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பக்கத்தில், சிவனை உருவமில்லாத ஆகாயமாகக் கும்பிடும் சிதம்பர ரகசியத்தின் திரையை விலக்கி ஆரத்தி காட்டினார்கள், உள்ளே சிலை எதுவும் கிடையாது, வெளிச்சத்தில் தங்க வில்வ இலை மாலைகள் மட்டும் மின்னின. ஆகாயத்துக்குப் போட்ட மாலை. அதற்குள் திரை மூடிவிட்டது.

புலி எங்கிருந்து வந்தது என்ற கதையைப் பிரகாரத்தில் உட்கார்ந்துதான் அத்தை சொன்னார். வியாக்ரபாதர், தமிழில் புலிக்கால் முனிவர். சிவபூஜைக்குப் பூப் பறிக்கிறவர். பொழுது விடிந்துவிட்டால் வண்டு வந்து பூவை எச்சில் செய்துவிடும். இருட்டிலேயே ஏறலாம் என்றால் பனி ஈரத்தில் மரம் வழுக்குகிறது, கண்ணும் தெரியவில்லை. அதனால் மோட்சம் கீட்சம் எல்லாம் அப்புறம் என்று, மரம் ஏறப் புலியின் காலும் நகமும், இருட்டில் பார்க்கக் கண்ணும் வரமாகக் கேட்டு வாங்கினார். எனக்குத் தெரிந்து ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய மனித உருவத்தையே விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் பூஜித்ததால் திருப்பாதிரிப்புலியூர் புலியூர் ஆனது, சிதம்பரத்துக்கும் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். வண்டு தொட்டதையே ஏற்காத ஆளின் ஊரில் நான் மோந்த மல்லிகை எந்தக் கணக்கு! அத்தையின் அந்தக் காலத்துக் கோபம் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

சரி, தில்லை எங்கே? தில்லைவனமாக இருந்த ஊர் என்கிறது தலபுராணம். இன்றைக்கு அந்த மரம் காடாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால், கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, பிச்சாவரத்து உப்பங்கழிக்குப் போக வேண்டும். "மரத்தைப் பார்க்கப் படகா?" என்று முனகிக்கொண்டே அத்தை ஏறினார்.

துடுப்புப் படகு. இரண்டு பக்கமும் சுரபுன்னை, தண்ணீருக்குள் கால் கால்களாக வேரை ஊன்றிக்கொண்டு நின்றது. படகுக்காரர் சுனாமி வந்த 2004-ஐப் பற்றிச் சொன்னார், இந்தக் காடு நடுவில் நின்றதால் பின்னால் இருந்த குப்பங்கள் தப்பியதை. வாய்க்கால் குறுகி, கிளைகள் தலையை இடிக்கிற அளவுக்குத் தாழ்ந்து வந்தன. ஒரு திருப்பத்தில், கொஞ்சம் மேடான கரையோரமாகப் படகை நிறுத்தி, "இதாம்மா தில்லை" என்றார்.

அவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. பெரிய உயரம் இல்லை, பளபளப்பான சின்ன இலை, உதிரப் போகிற இலைகள் மட்டும் நல்ல சிவப்பு. சுரபுன்னை மாதிரி ஊன்றுவேர் கிடையாது, வேர்கள் சேற்றின் மேலேயே பாம்புகள் பின்னிக் கிடப்பது போல் ஓடின. இலைக்காம்பை ஒட்டி, விரல் நீளத்துக்குக்கூட வராத மஞ்சள் கதிர்கள். பூவாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாம், இந்தக் கதிர் ஆண் மரத்துடையது. ஒவ்வொரு கதிரிலும் தேனீ. ஒன்றிரண்டு இல்லை, மரமே லேசாக முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஒரு இலையைக் கிள்ளக் கையை நீட்டினேன்.

"தொட்டுடாதீங்கம்மா! பால் வரும். தோல்ல பட்டா கொப்புளம், கண்ணுல பட்டா பார்வையே போயிடும்."

கையை இழுத்துக்கொண்டேன். தேவாரம் பாடிய ஊர், சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய ஊர், அந்த ஊருக்கே பெயர் கொடுத்த மரம் இது. இதன் பூவைச் சரமாகக் கட்ட முடியாது, வெறுங்கையால் பறிக்கவும் பயம், போதாக்குறைக்கு ஒவ்வொரு பூவிலும் வண்டு. புலிக்கால் முனிவர் வந்திருந்தால் இந்த மரத்தை என்ன செய்திருப்பார் என்று அத்தையைக் கேட்டேன்.

"எந்த மரத்துல பறிச்சாரோ எனக்கென்ன தெரியும்? இதைச் சுத்தி வந்து கும்பிட்டிருப்பார். பறிச்சாத்தான் பூஜையா?" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே கை கூப்பினார். நடராஜர் முன்னால் நின்றபோது இருந்த அதே முகம்.

படகு மெல்லக் கரைப் பக்கம் ஒதுங்கியதில் ஒரு கிளை என் முகத்துக்குக் கிட்டே வந்தது. வாசனை ஏதாவது இருக்கிறதா என்று என்னை அறியாமல் கழுத்தை நீட்டியிருக்கிறேன். அத்தை தோளைப் பிடித்து ஒரே இழுப்பு.

"உனக்கு மூக்கு மேல ஆசையே இல்லையாடி?"