எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு வேலை

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவியர் சங்கத்துக்கு இப்போது சென்னை, மதுரை தவிர பெங்களூரு, புனே, டெல்லியிலும் கிளைகள் இருக்கின்றன. இத்தனை நாளும் அந்தந்த ஊரில் அவரவருக்குத் தோன்றியதைச் செய்துவந்தோம். இனி எல்லாக் கிளைகளும் சேர்ந்து நாடு முழுக்க ஒரே பணியை எடுப்பது என்று பொதுக்குழுவில் முடிவாகிவிட்டது, எதை என்பதில்தான் இழுபறி. கல்வி உதவித்தொகை, முதியோர் இல்லம், மரம் நடுவது என்று வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வருகிறது. எல்லாமே நல்ல காரியம். என் ஓட்டு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8. இத்தனைக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர், வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்து, பஞ்சில் தொட்டு, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்; சந்தேகப்படும்படியான இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் இதே முறையில் நர்சுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

அப்புறம் ஏன் யாரும் போவதில்லை? எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவிடம் பேசிப் பார்த்தேன். "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி அங்க பார்க்க என்னம்மா இருக்கு?" என்றார். வலி இல்லை, இரத்தப்போக்கு இல்லை, ஒரு நாள் வியாபாரம் போகும், உள்ளே ஆண் டாக்டர் இருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம் வேறு. பணம் கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. கூடவே போய், வெளியே உட்கார்ந்து காத்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விட ஒரு பெண் வேண்டும். அது நம்மிடம் ஊர் ஊராக இருக்கிறது.

இந்தப் புற்றுநோய் வராமல் தடுக்கப் போடும் தடுப்பூசிக்குப் பணம் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் அவசியம்தான், ஆனால் அது முக்கியமாக 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு. அவர்களுடைய அம்மாக்களுக்குப் பரிசோதனைதான் வழி.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோளாறு தெரிந்தால் அந்தப் பெண் அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போவாள், செலவு யாருடையது என்று எழுத்தில் முடிவாகாமல் எந்தக் கிளையும் முகாம் போடக் கூடாது. பயத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது பாவம்.

பெண்கள் ஒரே காரியத்தில் ஊன்றி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் இந்திய மாதர் சங்கம் 1954இல் தொடங்கியது அது.

வெளிநாட்டுத் தோழிகளுக்கு ஒரு விஷயம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகச் சங்கத்துக்கே அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும், நம் சங்கத்துக்கு அது கிடையாது. அதனால் நீங்கள் அந்தப் பதிவு உள்ள மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், சரியா?