அம்மாவுக்குத் தெரியாத குரல்

"யாரு மக்களே அது, பேசினது?"

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா இப்படிக் கேட்டாள். மெல்பர்னில் சாயங்காலம், தக்கலையில் மதியம் ஒரு மணி. போனை மிக்ஸியில் சாய்த்து வைத்து வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டே சாளைக்கறி வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில், மேடைமேல் இருக்கும் பேசும் திரையிடம் 12 நிமிடத்துக்கு டைமர் வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

"நான்தாம்மா."

"நீயா? டீவியில செய்தி வாசிக்கிற பெண்ணாக்கும்னு நெனச்சேன்."

சிரித்தேன். மீன் வேகிறதுக்குள் அது உறுத்த ஆரம்பித்துவிட்டது.

அந்தத் திரை, தள்ளுபடியில் வருகிறது என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. விளக்குப் போடும், பாட்டுப் போடும், வானிலை சொல்லும். தமிழ் தெரியாது. ஆங்கிலம் தெரியும், ஆனால் நான் பேசும் ஆங்கிலம் தெரியாது. தக்கலையில் மழையா என்று கேட்டேன், பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளைக் காட்டியது. கடைப் பட்டியலில் கருப்பட்டி சேர்க்கச் சொன்னால் 'கேரட் பார்ட்டி' என்று எழுதிக்கொண்டது. மரச்சீனிக்கு சிட்னியின் வெப்பநிலை வந்தது. இங்கே பிறந்த என் மகள் வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாலும் அதற்குப் புரிகிறது.

அதனால் நானும் கற்றுக்கொண்டேன். 'டைமர்' என்றால் விளக்கு எரிந்து அணைந்துவிடும். 'டைமா' என்று ரகரத்தை விழுங்கினால் வேலை நடக்கும். என் வீட்டு அடுப்பங்கரையில், கைலியைக் கட்டிக்கொண்டு நின்று, வேறு யாரோ மாதிரி பேச வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், குரலை மாற்றுவது எனக்குப் புதிது இல்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ம் தேதி. அதற்கு ஐம்பது வருடம் கழித்து நான் சென்னை ஹாஸ்டலில் போய் இறங்கினேன். வாயைத் திறந்ததும் "நீ மலையாளியா?" என்றார்கள். 'துவர்த்து' எங்கே என்று கேட்டதற்கு ஒரு அறையே சிரித்தது. ஒரே மாதத்தில் துவர்த்து டவல் ஆனது, மரச்சீனி மரவள்ளிக்கிழங்கு ஆனது, வாக்கியத்தின் கடைசியில் வருகிற 'ஆக்கும்' போயே போய்விட்டது. லீவுக்கு ஊருக்குப் போனால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே எல்லாம் தானாகத் திரும்பி வரும். அங்கே மனிதர்களாவது சிரித்தார்கள். இந்தப் பெட்டி மரியாதையாக "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்கிறது. அதற்குச் சிரிப்பே தேவலை.

மற்றபடி ஆறு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஜூலையில் ஸ்வெட்டர் போடுவது பழகிவிட்டது. ஜூலை என்றால் ஊரில் சாரல், காயாத துணி, வேளிமலையை மூடிக்கொண்டு நிற்கும் மேகம். சரி, அதை விடுங்கள். திரையில் மெல்பர்னுக்குப் பக்கத்திலேயே நாகர்கோவில் வானிலையையும் வைத்திருக்கிறேன். மழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பு என்கிறது. அது என்ன கணக்கோ! எங்கள் ஊரில் கடையாலுமூட்டில் கொட்டுகிற அன்றைக்கு அஞ்சுகிராமத்தில் வெயில் கொளுத்தும். அம்மாவிடம் கேட்டால் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். டைமர் அடித்தது. போனுக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெ தெளியல்ல. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டு மக்களே."

"டைமர் அடிச்சிட்டும்மா."

"அவ கெடக்கா."

அது விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் விரலால் திரையைத் தொட்டு நிறுத்தினேன். கண்ணாடியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.