போன் டேட்டாவில் ஒரு போர்ட்ஃபோலியோ: யாழ்ப்பாணத்தில் இருந்து சேர்வர் வரை

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு, செய்த வேலைகளைக் காட்ட ஒரு இணையத்தளம் கட்டாயம் வேணும். வெறும் பக்கங்கள் என்றால் இலவசமாக ஏற்றித் தரும் சேவைகளே காணும். ஆனால் நான் விண்ணப்பித்தவை சேர்வர்களைப் பராமரிக்கிற வேலைகள். ஆகவே கட்டுவது, ஏற்றுவது, ஓடவைப்பது எல்லாவற்றையும் நானே செய்ய விரும்பினேன். இணையப் பக்கங்களை எழுத உதவும் ரியாக்ட் என்ற நிரல்தொகுப்பில் எழுதி முடித்ததை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும், இந்தத் துறையில் கனகாலம் வேலை செய்த அண்ணா ஒருவருக்குக் காட்டினேன்.

“தங்கச்சி, உம்மட லப்டொப்பில ஓடுது, சரி. வேற ஆளின்ர மெஷினில இப்பிடியே ஓடுமோ?” என்று கேட்டார்.

அதற்குத்தான் டொக்கர். 2013இல் வெளிவந்த இந்தக் கருவி, செயலியையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் இமேஜ் என்ற ஒரே கட்டாகத் தருகிறது. அந்த இமேஜை எங்கே ஓட்டினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் இமேஜைக் கொண்டெய்னர் என்பார்கள். கட்டுவது லேசு, சிறிதாகக் கட்டுவதில்தான் வேலை இருக்கிறது.

ரியாக்டைக் கட்ட, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் (Node.js) என்ற மென்பொருள் வேணும். அதன் வழமையான இமேஜை அடித்தளமாக எடுத்தால், விரிந்த பிறகு அதுமட்டுமே 1 ஜிபியைத் தாண்டும். வீட்டில் போன் டேட்டாவை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு அது நேரடியாகக் காசு. 2017இல் டொக்கரில் சேர்ந்த மல்டி ஸ்டேஜ் (பல கட்ட) முறை இங்கே கைகொடுத்தது. முதல் கட்டத்தில் நோட்டை வைத்து ரியாக்டைக் கட்ட வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸில் ஓடும், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை எடுத்து, கட்டி முடிந்த பைல்களை மட்டும் அதற்குள் போட வேண்டும். பனங்கட்டி விற்கிறவர் குட்டானைத்தான் சந்தைக்கு அனுப்புவார், காய்ச்சிய தாச்சியையும் சேர்த்து அனுப்புவதில்லை. அதே முறைதான். கடைசி இமேஜ் சில பத்து எம்பிக்குள் அடங்கியது.

இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைக்கும் டொக்கர்பைலில் வரிகளின் ஒழுங்கும் முக்கியம். ஒவ்வொரு வரியின் விளைவையும் டொக்கர் ஒரு அடுக்காகச் சேமித்து வைக்கும். ஒரு அடுக்கு மாறினால் அதற்குப் பிறகு வருகிறவை எல்லாம் புதிதாகக் கட்டப்படும். எனவே பொதிகளின் (பிறர் எழுதி, நாம் பயன்படுத்தும் நிரல்களின்) பட்டியல் பைல்களை முதலில் பிரதி எடுத்து, பொதிகளை நிறுவிவிட்டு, அதற்குப் பிறகே மூலநிரலைக் கொண்டுவர வேண்டும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியதற்காக நூற்றுக்கணக்கான பொதிகளைத் திரும்பத் தரவிறக்கும் நிலை அப்போது வராது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தமிழ்தான். என் சுயவிபரக் கோவையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப் ஆகத் தரும் பட்டன் ஒன்று தளத்தில் இருக்கிறது. லப்டொப்பில் அழகாக வந்த தமிழ், கொண்டெய்னருக்குள் உருவாக்கியபோது வெறும் சதுரப் பெட்டிகளாக வந்தது. காரணம் எளிது: லப்டொப்பில் உள்ள எழுத்துருக்களைக் கொண்டெய்னர் பார்க்காது, அல்பைனில் தமிழ் எழுத்துரு எதுவும் முன்கூட்டியே இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவை டொக்கர்பைலிலேயே நிறுவியதும் சரிவந்தது. பிடிஎஃப் செய்யும் குரோமியம் உலாவி மெத்தப் பாரம் என்பதால் அந்த வேலையையும் முதல் கட்டத்திலேயே முடித்து, உருவான பைலை மட்டும் இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினேன். தமிழில் எதையாவது படமாகவோ பிடிஎஃப் ஆகவோ உருவாக்கும் எவரும் இதை முதல் நாளே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு லப்டொப்பையே சேர்வராக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கரண்ட் போனால் தளமும் போகும், மொபைல் இணைப்பில் தனியான பொது ஐபி முகவரி கிடைப்பதும் அரிது. 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய உபுண்டு சேர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். இமேஜ் கட்டும் வேலைக்கு அந்த நினைவகம் போதாது. அதை, நிரலைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் அக்ஷன்ஸிடம் ஒப்படைத்தேன். பொதுவில் திறந்து வைத்த நிரலுக்கு அது இலவசம். நான் வீட்டில் இருந்து அனுப்புவது சில கேபி நிரல் மட்டும். பாரமான இமேஜ் கிட்ஹப்பில் இருந்து நேரே சேர்வருக்குப் போகிறது, என் டேட்டாவைத் தொடுவதேயில்லை. இங்கே இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் பழக வேண்டியது இந்த வழி.

தொடர்புப் படிவத்துக்காக நோட்டில் ஒரு சிறிய கொண்டெய்னரும் ஓடுகிறது. இதையும் என்ஜின்எக்ஸ் கொண்டெய்னரையும் டொக்கர் கொம்போஸ் என்ற கருவி இணைக்கிறது. நோட்டின் முகவரியாக என்ஜின்எக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே மெஷின்’) என்று எழுதினால், பின்னால் உள்ள சேவை கிடைக்கவில்லை என்னும் 502 பிழைதான் வரும், ஏனென்றால் அது அந்தக் கொண்டெய்னரையே குறிக்கும். கொம்போஸ் பைலில் வைத்த சேவையின் பெயரை எழுத வேண்டும். பாதுகாப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டொக்கர் வெளியே திறக்கும் போர்ட்டை (இணைப்பு வரும் வாசலை) உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவர் தடுக்காது, டொக்கர் தன் விதிகளை அதற்கு முன்னாலேயே போட்டுவிடும். அதனால் இணையத்தளத்துக்கான 80, 443 இரண்டை மட்டும் திறந்து, நோட்டின் போர்ட்டை உள்ளேயே விட்டேன். கொண்டெய்னர்கள் எழுதிவைக்கும் பதிவுகளுக்கும் (லொக்) அளவெல்லை போட வேண்டும். வழமையான அமைப்பில் எல்லை இல்லை, சிறிய டிஸ்க் மெல்ல மெல்ல நிரம்பிவிடும்.

பாதுகாப்பான இணைப்புக்கான (https) சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசம். 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிப்பைச் சேர்ட்பொட் என்ற கருவி தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்ததாக .இலங்கை என்று முடியும் முழுத் தமிழ் முகவரி ஒன்றை எடுக்கப் போகிறேன். அதில் என்ஜின்எக்ஸுக்கும் சேர்ட்பொட்டுக்கும் தமிழ் எழுத்துகளை நேரடியாகக் கொடுக்க முடியாது. அவற்றை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் எழுதும் பியூனிகோட் வடிவத்தைக் கொடுக்க வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையில் மட்டும் தமிழாகவே தெரியும்.