பின்பக்கக் கதவின் சாவி

திருச்சியில் என் மகள் படிக்கும் டியூஷன் சென்டர் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரு மழை நாள் மாலையில் அவளை அழைத்துவர மேலே ஏறினேன். வகுப்பு விடும் நேரம். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகிய படிக்கட்டு. அதன் அடியில் மின் மீட்டர் பலகை. பலகையை உரசியபடி பிள்ளைகளின் வண்டிகள். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருந்தது. அதன் கிரில் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். 2004 ஜனவரி 23 அன்று எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அந்த ஆண்டை அறிந்த எவராலும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுச் சும்மா இறங்கிவர முடியாது.

மேலாளரிடம் கேட்டேன். "திருட்டுப் பயம் அம்மா, சாவி கட்டட உரிமையாளரிடம் இருக்கிறது" என்றார். காவலாளியோ, "நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது அக்கா, அந்தச் சாவியைக் கண்ணால் பார்த்ததில்லை" என்றார். மற்ற பெற்றோரிடம் பேசினேன். தேர்வு நெருங்குகிறது, கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டிவிடுவார்கள் என்று தயங்கினார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நான்கு நாட்கள் தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். நிலைய அலுவலர் என் இரண்டு பக்க மனுவைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பாதுகாப்பு இல்லை என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது அம்மா. எந்த மாடி, எந்தக் கதவு, எந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். மீட்டரில் தீப்பிடித்தால் புகை மேலேதான் ஏறும். அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். அதையும் சேருங்கள்." அவர் சொன்ன அந்த ஒரு சொல் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினேன். தேதியோடு நான்கு படங்களை இணைத்தேன். என் பெயரைக் கட்டட உரிமையாளரிடம் தெரிவிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தீயணைப்புத் துறையின் மாவட்ட அலுவலருக்கு ஒன்று, மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுத்து, எண்ணிட்ட ரசீது வாங்கினேன். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். பிறகு எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்று கேள்விகள் அனுப்பினேன்: என் மனுமீது ஆய்வு நடந்ததா, எந்தத் தேதியில், அறிக்கையின் நகல் கிடைக்குமா. முப்பது நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

பதிலுக்கு முன்பே ஆய்வுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அதுவும் மாலை ஏழு மணிக்கு, வகுப்பு நிறைந்திருக்கும்போது! பகலில் வந்திருந்தால் வெறும் பெஞ்சுகளைத்தான் பார்த்திருப்பார்கள். சாவி கேட்டபோது உரிமையாளரிடமும் அது இல்லை. பூட்டை அறுத்தார்கள். கதவுக்குப் பின்னால் படி முழுவதும் உடைந்த நாற்காலிகளும் பழைய பேனர்களும் குவிந்திருந்தன என்று மகள் வந்து சொன்னாள்.

இப்போது அந்தக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான். குப்பையை அகற்றிவிட்டார்கள், தீயணைப்பான்கள் மாட்டியிருக்கிறார்கள். மீட்டர் பலகை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. மழை பெய்தால் வண்டிகளும் அதனடியில் வந்து நின்றுவிடுகின்றன. அதற்கு இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பின்படி வழியாகவே இறங்கி வரும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன், இருட்டிலும் கால் பழக வேண்டும் என்பதற்காக. போன வாரம் அவளோடு பதினோரு பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்.