சோடியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆசையெல்லாம் இல்லை

வேதிப்பிணைப்புப் பாடத்தை யார் ஆரம்பித்தாலும் அதே கதைதான். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறதாம், அதை யாரிடமாவது தள்ளிவிடத் துடிக்கிறதாம். குளோரினிடம் ஏழு இருக்கிறதாம், எட்டாவதுக்கு ஏங்குகிறதாம். இரண்டும் சந்திக்கின்றன, கைமாறுகிறது, இரண்டுக்கும் நிம்மதி, உப்பு தயார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒருமுறை கேட்டால் மறக்காது, தேர்வில் மார்க்கும் விழும். ஆனால் அந்தத் "துடிக்கிறது" மட்டும் பொய். மிகைப்படுத்தல் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அளந்து பார்த்தால் கணக்கு நேர் எதிராக நிற்கிறது.

வாயு நிலையில் தனித்தனியாக இருக்கும் ஒரு மோல் (அணுக்களை மொத்தமாக எண்ணும் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். அதுதான் அதன் அயனியாக்கும் ஆற்றல். கொடுக்கத் துடிக்கிற ஆள் இவ்வளவு கூலி கேட்பானா? குளோரின் விஷயத்தில் கதை ஓரளவு சரி, எலக்ட்ரான் வந்து சேரும்போது மோலுக்கு 349 கிலோஜூல் வெளியே வருகிறது. ஆனாலும் இரண்டையும் கூட்டிக் கழித்தால் 147 கிலோஜூல் நஷ்டம். அதாவது ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தால் எதுவும் நடக்காது. இரண்டும் அப்படியே, நடுநிலையாக, இருந்த இடத்தில் இருக்கும். எட்டு எலக்ட்ரான் கிடைக்கிறதே என்று எதுவும் கிளம்பி வராது.

சரி, அப்படியானால் உப்பு எப்படி உண்டாகிறது? இரண்டையும் கிட்டே கொண்டுவாருங்கள். எலக்ட்ரான் தாவிவிட்டால் ஒன்று நேர்மின் அயனி, மற்றது எதிர்மின் அயனி, இரண்டும் ஈர்த்துக்கொள்ளும், தூரம் குறையக் குறைய அந்த ஈர்ப்பால் கிடைக்கும் லாபம் ஏறிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டருக்குள் வந்ததும் அந்த லாபம் 147-ஐத் தாண்டிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் தாவுவதே கட்டுப்படியாகிறது. படிகத்தில் அவை சுமார் 0.28 நானோமீட்டர் தூரத்தில் நிற்கின்றன. அதுவும் ஜோடியாக இல்லை, ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றிலும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றிலும் ஆறு சோடியம், இப்படியே எல்லாத் திசையிலும். இந்த அடுக்கு உருவாகும்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல் மோலுக்கு 787 கிலோஜூல். சோடியத்தை உலோகக் கட்டியிலிருந்து பிரிக்க ஒரு 107, குளோரின் மூலக்கூறை உடைத்து அணுவாக்க ஒரு 121, இந்தச் செலவுகளையெல்லாம் போட்டுப் பார்த்தாலும் கடைசியில் 411 கிலோஜூல் அளவுக்கு லாபம் நிற்கிறது. போர்ன்–ஹேபர் சுழற்சி என்று பாடத்தில் வருமே, அது இந்த வரவு செலவுதான். மனப்பாடம் செய்ய ஒரு வரைபடமாக அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பிணைப்புக்கான காரணமே அதற்குள்தான் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

இதைவிட அப்பட்டமான உதாரணம் ஆக்சிஜன். "ஆக்சிஜனுக்கு இரண்டு எலக்ட்ரான் தேவை, வாங்கினால் எட்டாகிவிடும்" என்று எல்லோரும் சொல்வோம். முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவருகிறது, அது உண்மை. இரண்டாவதை ஏற்க வைக்க வேண்டுமானால் நாம்தான் 700 கிலோஜூலுக்கு மேல் கொடுத்துத் திணிக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள ஒன்றுக்குள் இன்னொரு எதிர்மின்சுமையைத் தள்ளுகிறோம். வெற்றிடத்தில் தனியாக ஒரு ஆக்சைடு அயனியை விட்டால் அது அந்த இரண்டாவது எலக்ட்ரானை உதறிவிடும். எட்டு இருந்தும் நிற்காது! மெக்னீசியம் ஆக்சைடில் அது நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் சுற்றியிருக்கும் இரட்டை நேர்மின் அயனிகள்தான். அங்கே படிகக்கூடு ஆற்றல் 3800 கிலோஜூல் அளவுக்குப் போகிறது. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும்போது மெக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரியைத் தாண்டியும் உருகாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். உலைகளுக்கு உட்சுவர்ச் செங்கல் செய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்போது எட்டு என்பதே சும்மாவா என்று கேட்டால், இல்லை. எட்டுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது, அது ஆசை இல்லை என்பதுதான் என் வாதம். அதற்கு அணுவுக்குள் போக வேண்டும்.

1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் காட்டினார். 1909-இல் கெய்கரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களை (நேர்மின்சுமை உள்ள நுண்துகள்களை) விட்டபோது பெரும்பாலானவை நேராகப் போய்விட, வெகு சில மட்டும் வந்த வழியே திரும்பின. அதை வைத்து 1911-இல் ரூதர்ஃபோர்டு சொன்னது, அணுவின் எடை கிட்டத்தட்ட முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில் இருக்கிறது என்று. எடையில் 99.9 சதவீதத்துக்கு மேல் அணுக்கருவில், ஆனால் அதன் விட்டமோ அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. புத்தகப் படத்தில் அணுக்கருவைக் கோலிக்குண்டு மாதிரி போட்டு, சுற்றிலும் வட்டப்பாதையில் எலக்ட்ரான்களை ஓட விட்டிருப்பார்கள் இல்லையா, அந்த அளவும் தப்பு, அந்தப் பாதையும் தப்பு. எலக்ட்ரான் ஒரு பாதையில் ஓடுவதில்லை, ஆர்பிட்டால் என்கிற ஒரு பரப்புக்குள் இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். ஒரு ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்.

இரண்டாவது கூட்டில் எஸ் வகை ஆர்பிட்டால் ஒன்று, பி வகை மூன்று. நான்குக்கும் இரண்டு இரண்டு வைத்தால் எட்டு. எட்டு வந்தது இங்கிருந்துதான். இந்த நான்கும் நிரம்பும் வரை, வரிசையில் ஒவ்வொரு தனிமமாக வலப்பக்கம் போகப் போக, அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது, எலக்ட்ரானும் ஒன்று கூடுகிறது, ஆனால் அந்த எலக்ட்ரான் அதே கூட்டில் போய் உட்காருவதால் மற்றவற்றை அணுக்கருவின் இழுப்பிலிருந்து சரியாக மறைப்பதில்லை. அதனால் பிடி இறுகிக்கொண்டே போகிறது, அணுவும் சுருங்குகிறது. லித்தியத்தில் 520 கிலோஜூலாக இருந்த அயனியாக்கும் ஆற்றல் நடுவில் ஓரிரு இடங்களில் கொஞ்சம் சறுக்கினாலும் நியானில் 2081-க்குப் போய் நிற்கிறது. அடுத்தது சோடியம். பதினோராவது எலக்ட்ரானுக்கு உள்ளே இடம் இல்லை, புதுக் கூட்டுக்குப் போக வேண்டும், நடுவில் பத்து எலக்ட்ரான் மறைத்துக்கொண்டிருக்கிறது, தூரமும் கூடிவிட்டது. சட்டென்று 496-க்கு விழுகிறது. அதே சோடியத்தில் இரண்டாவது எலக்ட்ரானை எடுக்கப் போனால் 4562. சோடியம் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது எட்டு கிடைத்த திருப்தியால் இல்லை, இரண்டாவதற்கான செலவை எந்தப் படிகக்கூடும் ஈடுகட்டாது, அவ்வளவுதான். மெக்னீசியத்துக்கு 738, 1451, மூன்றாவது 7733. அது ஏன் இரண்டோடு நிற்கிறது என்று இந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் மெண்டலீவ். 1869-இல் அவர் தனிம அட்டவணை போட்டபோது எலக்ட்ரானும் தெரியாது, அணுக்கருவும் தெரியாது, கூடு என்ற பேச்சே கிடையாது. அணு எடையையும் சேர்மங்களின் குணத்தையும் வைத்துக்கொண்டு அடுக்கினார், பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே ஒன்று வரும், அணு எடை 72 இருக்கும், அடர்த்தி 5.5 இருக்கும் என்றார். 1886-இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார், எடை 72.6, அடர்த்தி 5.35. ஒரு உறுத்தல் டெல்லூரியமும் அயோடினும். எடைப்படி பார்த்தால் அயோடின் (126.9) முன்னே, டெல்லூரியம் (127.6) பின்னே வர வேண்டும், ஆனால் அயோடினின் குணம் அப்படியே புரோமின் குணம். மெண்டலீவ் குணத்தைத்தான் நம்பினார், இடத்தை மாற்றி வைத்துவிட்டு டெல்லூரியத்தின் எடையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றார். எடையில் தப்பில்லை, அடுக்கக் கூடாததை வைத்து அடுக்கியதுதான் சிக்கல். 1913-இல் மோஸ்லி தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமைதான் என்று காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53, பிரச்சினை முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, 27 வயதில், கல்லிப்போலி போரில் அவர் இறந்துபோனார். உயிரோடு இருந்திருந்தால் நோபல் பரிசு உறுதி என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சகப்பிணைப்பிலும் இதே கதைதான், "பகிர்ந்து வாழ்கிறார்கள்" என்பார்கள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு அணுக்கருக்களையும் சேர்த்துச் சுற்றிப் பரவ முடிகிறது, அப்படிப் பரவிய நிலையின் ஆற்றல் தனித்தனியாக இருந்ததைவிடக் குறைவு. ரொம்ப நெருங்கினால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இரண்டும் சமன்படும் தூரம் 74 பிகோமீட்டர், மோலுக்கு 436 கிலோஜூல் வெளியேறியிருக்கும். மறுபடி பிரிக்க அதே 436-ஐ நாம் கொடுக்க வேண்டும். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வரும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடைக்க எப்போதும் செலவுதான், எரியும்போது சூடு வருவது புதிதாக உண்டாகும் பிணைப்புகள் உடைந்தவற்றைவிட வலுவாக இருப்பதால்.

அப்புறம் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று நடுவே சுவர் எதுவும் கிடையாது. பாலிங் அளவுகோலில் எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், ஹைட்ரஜனுக்கு 2.20, குளோரினுக்கு 3.16, சோடியத்துக்கு 0.93. இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவே எலக்ட்ரான் மேகம் சரிபாதி, ஹைட்ரஜன் குளோரைடில் குளோரின் பக்கம் சாய்வு, சோடியம் குளோரைடில் கிட்டத்தட்ட முழுச் சாய்வு. வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அது நம் வசதிக்கு.

எட்டு விதியை மீறுபவையும் மூலையில் ஒளிந்திருக்கும் அபூர்வங்கள் இல்லை. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் பதினொன்று, ஒற்றைப்படை, எப்படிப் பிரித்தாலும் இரண்டுக்கும் எட்டு வராது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடில் சல்ஃபரைச் சுற்றி ஆறு பிணைப்பு. இரும்பு, தாமிரம் மாதிரியான இடைநிலைத் தனிமங்களுக்கு இந்த விதியைப் பற்றிக் கவலையே கிடையாது.

எட்டு எட்டாக நிறைந்தே இருக்கும் மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்று கிட்டத்தட்ட எல்லோரும் முடிவு கட்டியிருந்த காலத்தில், நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சிவப்பு ஆவி ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது என்று கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 1165 கிலோஜூல். அட்டவணையைப் புரட்டினால் மந்த வாயுவான செனானுக்கு 1170. ஐந்தே கிலோஜூல்தான் வித்தியாசம், அதிலிருந்து முடிந்தால் இதிலிருந்தும் முடியுமே என்று 1962-இல் இரண்டையும் கலந்தார், மஞ்சளாக ஒரு திண்மம் படிந்தது. அதே வருடத்திலேயே செனான் ஃபுளூரைடுகளும் வர ஆரம்பித்துவிட்டன. அங்கே பார்ட்லெட் எட்டை எண்ணவில்லை, கிலோஜூலைத்தான் பார்த்தார். நியானிடம் யாராலும் இன்னும் அப்படி ஒரு சேர்மத்தை வாங்க முடியவில்லை, அதற்கும் அதே கணக்குதான்: செனானின் 1170 எங்கே, நியானின் 2081 எங்கே.