பிடி பீரியட்

ஜூன் 12
நேற்றிரவு முழுக்க மகளுக்கு மாதவிடாய் வயிற்றுவலி. சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள், இரண்டு முறை வாந்தி வேறு. இன்று லீவு. பத்தாம் வகுப்புக்காரி மாதாமாதம் லீவு போடுகிறாள்.

மாமியார், இங்கே கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்காரர். "பூண்டுக் காட்டுல குனிஞ்சு நிமிந்த எங்களுக்கு ஏது இந்த வலி? இவ போனும் கையுமா உக்காந்தே கெடக்கா" என்றார், அவள் காதில் விழும்படி. எனக்கு எரிச்சல்.

ஜூன் 14
டாக்டரிடம் போனோம். மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகம் சுரந்து, கருப்பையை இறுக்கிப் பிழிகிறதாம். ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. மெஃபனமிக் ஆசிட் மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் தடுக்கிறது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை பொறுக்காமல், ஆரம்பத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார். மாத்திரைக்கும் அடங்காமல் போனாலோ, மற்ற நாட்களிலும் வலித்தாலோ ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அப்புறம், "விளையாட்டு, நடை ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். காலையில் ஆட்டோ, மாலையில் டியூஷன். பிடி பீரியட் கணக்கு டீச்சருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவள் எங்கே போவாள் அந்த அறுபதுக்கு?

ஜூன் 17
காலை ஆறு மணிக்கு ஏரி. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பனியில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை, குதிரைகள் கூட இன்னும் வரவில்லை. சுற்றுலாவுக்கு வருபவர்கள் சுற்றும் ஏரியை, கொடைக்கானலில் பிறந்த நாங்கள் முழுதாக நடந்து எத்தனை வருடம்! பாதியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜூன் 29
மழை. நான்கு நாளாக நடை இல்லை. சொல்ல ஒன்றுமில்லை.

ஜூலை 10
வந்தது. வலியும் வந்தது. முதல் சுருக்கிலேயே மாத்திரை போட்டாள். மதியம் எழுந்து தோசை கேட்டாள். நடையாலா, மாத்திரையாலா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு, வாரம் மூன்று நாளாவது 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தால் வலி நன்றாகவே குறையலாம் என்கிறது. சான்று அவ்வளவு பலமில்லை என்றும் அதுவே சொல்கிறது. ஒரு மாதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை.

ஜூலை 11
பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே சொன்னார்: "எனக்கும் வலிக்கும். மூட்டைக்குப் பின்னால உக்காந்து அழுதிருக்கேன். வெளிய சொன்னா வேலைக்கள்ளின்னு பேராயிரும்."

நாளை மறுநாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிடி பீரியட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். மாமியாரும் வருகிறாராம்.